சரித்திரம் ஒண்ணுக்குப் போக இறங்கிய ஊர்

மாத்தளையில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்கிறவர்கள் அநேகமாக சிகிரியாவுக்குப் போகிற வழியில் ஒண்ணுக்குப் போக இறங்கியவர்கள். இதில் கோபித்துக்கொள்ள ஒன்றுமில்லை. எங்கள் ஊருக்கு வந்த பெரிய மனிதர்கள் எல்லோருமே அப்படித்தான் வந்தார்கள். ராஜா வந்தார், ஜெனரல் வந்தார், கோப்பி வந்தது, ரயில் வந்தது, கலகம் வந்தது. எல்லாருக்கும் வேறெங்கோ போகிற அவசரம். இறங்கினார்கள், காரியத்தை முடித்தார்கள், கைகூடக் கழுவாமல் ஏறிப் போய்விட்டார்கள். மேற்கொண்டு போகக் காசில்லாமல் தங்கிவிட்டவர்கள் நாங்கள்.

ஆகவே ஊரைச் சுற்றிக் காட்ட எங்களைவிட்டால் ஆளில்லை. கண்டியிலிருந்து 25 கிலோமீற்றர் சொச்சம். பஸ்ஸில் வந்தால் கண்டக்டர் இறக்கிவிடுவார். ரயிலில் வந்தால் யாரும் இறக்கிவிட வேண்டியதில்லை. அதற்கு மேல் தண்டவாளமே கிடையாது.

அந்த ஸ்டேஷனிலிருந்தே ஆரம்பிக்கலாம். இலங்கைக்கு ரயில் வந்ததே கோப்பித் துரைமாரின் நச்சரிப்பால்தான். மூட்டையை மாட்டு வண்டியில் ஏற்றினால் கொழும்பு போய்ச் சேர்வதற்குள் பாதி மழையில் நனைகிறது, பாதியை வண்டிக்காரன் விற்றுவிடுகிறான் என்று ஒரே புலம்பல். கண்டி வந்த பாதை, கட்டுகஸ்தோட்டை, வத்தேகம, உக்குவெல என்று வளைந்து வளைந்து மாத்தளைக்கு வந்து சேர்ந்தது 1880இல். அதற்குப் பதினொரு வருஷம் முன்பே, 1869இல், கோப்பி இலையில் செம்மஞ்சள் பொட்டு வைக்கிற ஒரு பூஞ்சணம் தீவில் தலைகாட்டியிருந்தது. பொட்டு வைத்த செடி பூ வைக்கவில்லை. ரயில் ஊதிக்கொண்டு வந்து நின்றபோது அது ஏற்ற வேண்டிய சரக்கு பாயோடு பாயாகக் கிடந்தது. மாப்பிள்ளை செத்த வீட்டுக்கு மேளம் வந்த கதை.

சரி, வந்த ரயில் வடக்கே போகும், நம் ஊர் பெரிய சந்தியாகும் என்று அன்றைக்கு யாராவது கனவு கண்டிருந்தால் அவர்களுக்கு என் அனுதாபம். யாழ்ப்பாணத்துக்குப் பாதை போட்டவர்கள் பொல்கஹவலையில் திரும்பி குருநாகல் வழியாகப் போய்விட்டார்கள். நூற்றுச் சொச்சம் வருஷம் கழித்து மத்திய அதிவேகப் பாதை போட்டார்கள். போய்ச் சேர வேண்டிய இடம் தம்புள்ளை. தம்புள்ளை இருப்பது மாத்தளை மாவட்டத்தில். வழி? குருநாகல்! மீரிகமவிலிருந்து குருநாகல் வரையான துண்டு 2022 ஜனவரியில் திறந்தும் ஆயிற்று. குருநாகல்காரரிடம் அப்படி என்னதான் இருக்கிறது என்று எங்களுக்கு இன்றுவரை விளங்கவில்லை.

கோட்டை பார்க்க ஆசையா? சவக்காலைக்குப் போங்கள். மக்டவல் கோட்டை அங்கேதான் இருக்கிறது, அதாவது அதன் வாசலும் கொஞ்சம் மதிலும். 1803இல் கண்டியைப் பிடிக்க வந்தார் மேஜர் ஜெனரல் ஹே மக்டவல். கண்டி ராஜா சண்டைக்கு நிற்கவில்லை. நகரத்தைக் காலி செய்துவிட்டுக் காட்டுக்குள் போய்விட்டார். மிச்ச வேலையை நுளம்பு பார்த்துக்கொண்டது. காய்ச்சலில் படை படையாகச் சரிந்தார்கள். எங்கள் ஊர்க் கோட்டையில் இருந்த படையும் நோயாளிகளை விட்டுவிட்டுத் திருகோணமலைக்குப் பின்வாங்கியது. ஜெனரல் பிற்பாடு சென்னைப் படைக்குத் தலைவராகி, 1809இல் ஊர் திரும்பும்போது கப்பலோடு கடலில் காணாமல் போனார். அவர் பெயர் வைத்த கோட்டைக்குள் இப்போது வெள்ளைக்காரர்களின் கல்லறைகள். பிடிக்க வந்தவர்கள் ஆளுக்கு ஆறடி பிடித்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

இனி நாய்க் கதை. மாத்தளைக்காரன் நெஞ்சை நிமிர்த்திச் சொல்கிற ஒரே கதை என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1847இல் டொரிங்டன் பிரபு கவர்னராக வந்தார். வயது 34. அரண்மனைச் சேவகத்தில் இருந்தவர், பிரதமர் ஜோன் ரசலுக்கு உறவுமுறை. ஒரு தீவை ஆள இதைவிட என்ன தகுதி வேண்டும்? அவர் வந்த நேரம் லண்டனில் கோப்பி விலை விழுந்து கஜானா காலியாக இருந்தது. சுற்றுமுற்றும் பார்த்தார். தோட்டமெல்லாம் துரைமாருடையது, பல அதிகாரிகளே தோட்டக்காரர்கள். அங்கே கை வைக்க முடியாது. மிச்சம் கண்ணில் பட்டது நாய். நாய் ஒன்றுக்கு வருஷம் ஒரு ஷில்லிங் வரி என்று எழுதினார். பேனா ஓட்டம் பிடித்துவிட்டது. துவக்குக்கு இரண்டரை ஷில்லிங், கடைக்கு வரி, வண்டிக்கு வரி, வள்ளத்துக்கு வரி. இது போதாதென்று ஆண்பிள்ளைகள் வருஷத்துக்கு ஆறு நாள் ரோட்டில் இறங்கிக் கல் உடைக்க வேண்டும், முடியாதவர் மூன்று ஷில்லிங் கட்ட வேண்டும். இந்தக் கணக்கில் பிக்குமாரையும் சேர்த்திருந்தார்கள். காவி உடுத்தியவர் கையில் மண்வெட்டியைக் கொடுக்கப் பார்த்த அரசாங்கத்தின் புத்திசாலித்தனத்தைப் பற்றி மேலே எழுத ஒன்றுமில்லை.

ஊர் நாய் யாருடையது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எங்கள் பக்கத்தில் நாய் ஒரு வீட்டில் படுக்கும், இன்னொரு வீட்டில் தின்னும், மூன்றாம் வீட்டுக்காகக் குரைக்கும். வரி கேட்டு வந்தால் மூன்று வீட்டுக்காரரும் "எங்க நாய் இல்லிங்க" என்பார்கள். நாயும் அதை ஆமோதிக்கும்.

இங்கேதான் இரண்டு கதாநாயகர்கள் வருகிறார்கள். 1848 ஜூலை 26, தம்புள்ளை விகாரை. கொங்காலேகொட பண்டா கண்டி ராஜாவாக முடிசூட்டிக்கொள்கிறார். இந்தக் கண்டி ராஜாவின் சொந்த ஊர் கொழும்புக்குப் பக்கத்தில் பேலியகொடை, இன்றைக்கு மீன் மார்க்கெட் இருக்கிற அதே பேலியகொடை. பழைய ராஜ வம்சத்துச் சொந்தம் என்று பேச்சு. அந்தப் பழைய ராஜ வம்சமோ மதுரைப் பக்கத்து நாயக்கர்மார், வெள்ளைக்காரன் அவர்களை 1816லேயே வேலூருக்குக் கப்பலேற்றிவிட்டான். ராஜாவின் வலக்கை புரன் அப்பு, மொரட்டுவைக்காரர், ஏற்கெனவே தலைக்கு 10 பவுண் விலை வைத்துத் தேடப்பட்டவர். ஆக, மலைநாட்டுச் சுதந்திரத்தை மீட்க வந்த ராஜாவும் சரி, தளபதியும் சரி, கீழ்நாட்டுக்காரர்கள். கண்டியின் பெரிய பிரபுக்கள் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு யார் ஜெயிக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களைக் குறை சொல்லக்கூடாது. பிரபுவாக நீடிப்பதற்கு அதுதான் வழி.

ஜூலை 28, கூட்டம் மாத்தளைக்குள் இறங்கியது. கச்சேரிக்குள் புகுந்து வரிக் காகிதங்களை அழித்தார்கள். இந்த ஒரு காரியத்துக்காகவே நான் அவர்களுக்கு மாலை போடுவேன். கச்சேரியில் ஒரு கடுதாசிக்காக நாலு தரம் அலைந்த எவனும் போடுவான். ஆனால் ராஜ்யம் ரொம்ப நாள் ஓடவில்லை. மறுநாளே வாரியப்பொலைப் பக்கம் பட்டாளம் எதிர்ப்பட்டது. புரன் அப்பு பிடிபட்டார். ஆகஸ்ட் 8ஆம் திகதி கண்டியில் சுட்டுக் கொன்றார்கள். ராஜா எல்கடுவைப் பக்கம் ஒளிந்திருந்து செப்டெம்பர் 21இல் அகப்பட்டார். தூக்கு என்று தீர்ப்பு, பிறகு 100 சவுக்கடியும் மலாக்காவுக்கு நாடுகடத்தலும் என்று மாற்றினார்கள்.

இராணுவச் சட்டம் போட்டு, ஊர் ஊராக எரித்து, ஒரு பிக்குவைக் காவி உடையோடு நிறுத்திச் சுட்டு இவ்வளவும் செய்த பிறகு லண்டனில் கணக்குக் கேட்டார்கள்: சரி, நம் பக்கத்தில் எத்தனை பேர் செத்தார்கள்? ஒருவருமில்லை. காயம்? ஒரே ஒரு சிப்பாய்க்கு. பாராளுமன்றத்தில் நாறிவிட்டது. 1850இல் டொரிங்டனைத் திருப்பி அழைத்தார்கள். தண்டனை என்ன தெரியுமா? விக்டோரியா மகாராணியின் அரண்மனையில் மறுபடியும் சேவகம். புரன் அப்புவும் அவரும் 1812இல் பிறந்தவர்கள், ஒரே வயதுக்காரர்கள். ஒருவர் 35 வயதில் சுவரோடு நின்றார். மற்றவர் அதற்குப் பிறகும் முப்பது வருஷத்துக்கு மேல் ராணிக்குப் பின்னால் நின்றார்.

டவுனில் கலகத்துக்கு நினைவுத்தூண் இருக்கிறது. வருஷத்துக்கு ஒரு தடவை மாலை விழும். மற்ற நாட்களில் நாய்கள் படுத்திருக்கும், ஒரு ஷில்லிங்கும் கட்டாமல்.

அங்கிருந்து தலையைத் தூக்கினால் முத்துமாரியம்மன் கோவில் கோபுரம். 108 அடி. இதைப் பார்க்க யாரிடமும் வழி கேட்க வேண்டாம்.

எங்கள் பாட்டன் பூட்டன் வந்த பாதை இதுதான். ராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சிப் பக்கத்திலிருந்து புறப்பட்டு, தோணியேறி, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுக்குள்ளால் நடை. தம்புள்ளை, நாலந்தை, அப்புறம் மாத்தளை. இன்றைக்கு ஏசி வேனில் யானை பார்க்கப் போகிற காடு அது. அன்றைக்கு யானை எங்களைப் பார்த்த காடு. ஆள் பிடிக்க வந்த கங்காணி, கண்டிச் சீமையில் செடித் தூரைக் கிண்டினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று சொல்லியிருந்தான். கிடைத்தது வாந்திபேதியும் காய்ச்சலும். வழியில் விழுந்தவர்களைச் சரியாக எண்ணியவர் யாருமில்லை, துரைமாருக்குக் கோப்பி மூட்டையை எண்ணவே நேரம் போதவில்லை. விழாமல் வந்து சேர்ந்தவர்கள் இங்கே ஒரு மரத்தடியில் மாரியம்மனைக் கும்பிட்டுவிட்டுத் தோட்டம் தோட்டமாகப் பிரிந்தார்கள். டாக்டர் இல்லாத ஊரில் நோயைக் கொடுக்கிற தெய்வத்தோடேயே நேரடியாகப் பேசி முடித்துக்கொள்வது சிக்கனமான ஏற்பாடு.

அதற்குப் பிறகு எங்களை என்ன செய்வது என்று பெரியவர்கள் யோசிக்க ஆரம்பித்தார்கள். 1948இல் குடியுரிமை இல்லை என்றார்கள். 1964இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள்: 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பத்து வருஷம் கழித்து, 1974இல், அந்த மிச்சத்தையும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். பெரிய குடும்பங்களில் பாகப்பிரிவினை நடக்கும்போது மாடுகன்றுக்குக்கூட ஒரு வார்த்தை சொல்வார்கள்.

1983 ஜூலையில் கோவிலைக் கொளுத்தினார்கள். ஐந்து தேரும் சாம்பல். கொளுத்த வந்தவர்களில் சிலர் முந்தின மாசியில் அதே தேருக்குப் பக்கத்தில் நின்று கச்சான் கொறித்திருப்பார்கள் என்பது என் சொந்த ஊகம், ஆதாரம் கேட்காதீர்கள். பிறகு தேர்களைச் செய்தார்கள், இந்தக் கோபுரத்தையும் எழுப்பினார்கள். இவ்வளவு உயரம் எதற்கு என்று கேட்டால், அடுத்த தரம் கொளுத்த வருகிறவன் கழுத்து வலித்துத் திரும்பிப் போகட்டும் என்பார் எங்கள் மாமா.

மாசி மகத்துக்கு வாருங்கள். ஐந்து தேரும் டவுனைச் சுற்றும். தூரில் கிடைக்காத தேங்காய் அன்றைக்குத் தெருவில் மலையாகக் குவிந்து உடையும். செருப்பில்லாத காலுக்கு ஓட்டுத்துண்டு குத்தும். சாமியைப் பார்ப்பது எங்கள் வயதுக்காரர்கள். ரத்தோட்டை, எல்கடுவைத் தோட்டங்களிலிருந்து வருகிற பொடியன்கள் பார்ப்பது வளையல் கடையை. கடையை என்றால் கடையை அல்ல. அங்கே ஆரம்பித்த கல்யாணங்களைக் கணக்கெடுத்தால் கல்யாணத் தரகர்கள் கோவில்மேல் வழக்குப் போடலாம்.

நான் பார்ப்பது வேறு. தேர் முடக்கில் திரும்பும்போது சில்லுக்குப் பக்கத்தில் குனிந்தபடி ஒரு மனிதர் ஓடுவார். வேட்டியை மடித்துக் கட்டியிருப்பார், கையில் எண்ணெய்ப் பிசுக்கேறிய ஆப்புக் கட்டை. வடம் பிடிக்கிறவர்கள் அரோகரா என்று இழுத்த வேகத்தில் தேர் கடைக்குள் போய்விடப் பார்க்கும். இவர் கட்டையைச் சில்லுக்கடியில் காலால் தள்ளிவிட்டு, விரலை நசுங்காமல் உருவிக்கொள்வார். மரம் முனகும், தேர் அரைச் சாண் நகர்ந்து திரும்பும். உடனே கட்டையை உருவி அடுத்த பக்கம் ஓடுவார். அவ்வளவு கூட்டத்தில் தேரின் உச்சியை ஒரு தரமும் நிமிர்ந்து பார்க்காத ஆள் அவர்தான். முட்டுக்கட்டை போடுவதற்காக ஊரே கையெடுத்துக் கும்பிடுகிற ஒருவரை வேறெங்கே பார்க்கப் போகிறீர்கள்?

திருகோணமலை வீதியைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை, வயிறெரியும். வாழையிலையில் சோறு போட்டு, கேட்காமலே ரசம் ஊற்றுகிற சைவக் கடைகள் இருந்த வரிசையில் இப்போது போன் கவர் விற்கிறார்கள். போனுக்கே ஒரு சட்டை, அதற்கு மேலே ஒரு கண்ணாடி. இன்னும் பிழைத்திருப்பது மிளகு, கராம்பு, கொக்கோ, பாக்கு வாங்குகிற கடைகள். உள்ளே போக வேண்டாம், வாசலில் நின்றால் தும்மல் வரும், காசில்லாத வைத்தியம். டவுனைச் சுற்றியிருந்த தோட்டங்களில் பாதி பேர்ச்சஸ் கணக்கில் விலைக்குப் போகிறது. லயம் இருந்த இடத்தில் "மலைக்காட்சியுடன் கூடிய காணி" என்று போர்டு. அந்த மலைக்காட்சியை எங்கள் ஆட்கள் நூற்றைம்பது வருஷமாக இலவசமாகப் பார்த்தார்கள், முதுகில் கூடையோடு.

ஊரை விட்டுப் போனவர்கள் ஊர்ப்பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்கள். எழுத ஆரம்பித்த உடனே பெயருக்கு முன்னால் ஊரை ஒட்டிக்கொள்வது எங்கள் வழக்கம்: மாத்தளை சோமு, மாத்தளை வடிவேலன், மாத்தளை கார்த்திகேசு. இதில் சோமு போய்ச் சேர்ந்தது ஆஸ்திரேலியாவுக்கு. ஊர்ப்பெயருக்கும் சேர்த்து விசா எடுத்தாரா என்று தெரிந்தவர்கள் கேட்டுச் சொல்லவும்.

வடக்கே கொஞ்ச தூரத்தில் அலுவிகாரை. கற்பாறைகளுக்கு நடுவே குகை விகாரை. அதுவரை மனப்பாடமாக மட்டுமே இருந்த புத்தரின் போதனைகளை, திரிபிடகத்தை, கி.மு. முதலாம் நூற்றாண்டில் பிக்குகள் இங்கே உட்கார்ந்து ஓலையில் எழுதினார்கள் என்பது வரலாறு. உலகப் பௌத்தத்துக்கே பெரிய விஷயம். இந்தப் பெருமையில் எங்களுக்கும் பங்குண்டு என்று நான் சொன்னால் சண்டைக்கு வருவார்கள். ஆனால் கணக்கைப் பாருங்கள். அந்தச் சமயத்தில் வலகம்பா ராஜாவைத் துரத்திவிட்டு அநுராதபுரத்தைப் பிடித்திருந்தவர்கள் ஐந்து தமிழர். புலகத்தனைப் பாகியன் கொன்றான், பாகியனைப் பணயமாறன் கொன்றான், பணயமாறனைப் பிளயமாறன் கொன்றான், பிளயமாறனைத் தாட்டிகன் கொன்றான். நம் கட்சிகளின் செயற்குழுக் கூட்டத்தை அப்போதே நடத்திக் காட்டியிருக்கிறார்கள். கடைசியாகத் தாட்டிகனை வலகம்பா முடித்தார். இந்த அமளியோடு பஞ்சமும் சேர்ந்துகொள்ள, மனப்பாடம் செய்தவர்கள் செத்துப்போனால் எல்லாம் போய்விடுமே என்ற பயத்தில்தான் எழுத்தாணி எடுத்தார்கள். பயம் காட்டியது யார்? ஒரு நன்றி அறிவித்தல் பலகை வைக்கலாம், பரவாயில்லை, வேண்டாம்.

1848 அமளியில் வெள்ளைக்காரப் பட்டாளம் அங்கிருந்த ஏட்டுச் சுவடிகளையும் நாசம் செய்துவிட்டுப் போனது. இப்போது அங்கே ஓலையில் எழுதிக் காட்டுவார்கள். எழுத்தாணியால் கீறும்போது ஒன்றும் தெரியாது, வெறும் கீறல். அதன்மேல் கரிமையைப் பூசித் துடைத்தால் கீறிய இடத்தில் மட்டும் மை தங்கி உங்கள் பெயர் கறுப்பாக எழும்பி வரும். பிள்ளைகளுக்கு அதெல்லாம் பிடிக்காது. அவர்கள் நேரே நரகக் குகைக்குத்தான் ஓடுவார்கள். பாவம் செய்தவனின் மண்டையைத் திறந்து பூதங்கள் மூளையை அள்ளுகிற சிற்பம், அறுப்பது, குத்துவது, கொதிக்க வைப்பது என்று சுவர் நிறைய. பொய் சொன்னால் இதுதான் கதி என்று தகப்பன்மார் பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டு, வெளியே வந்து, டிக்கெட் எடுக்கும்போது பிள்ளைக்கு இரண்டு வயது குறைத்துச் சொன்ன பஸ்ஸிலேயே திரும்பிப் போவார்கள்.

அதையும் தாண்டினால் ரோட்டின் இருபக்கமும் வாசனைத் திரவியத் தோட்டங்கள். சுற்றுலாக்காரர்களை வேன் வேனாக இங்கே இறக்குவார்கள். ஒரு மிளகுக்கொடி, ஒரு கறுவா மரம், ஒரு வனிலா, ஒரு கொக்கோ, கடைசியில் ஒரு கடை. சந்தனமும் மஞ்சளும் ஏதோ எண்ணெயும் சேர்ந்த புட்டிகள். முடி வளர ஒன்று, முடி உதிர ஒன்று, இரண்டும் ஒரே அலுமாரியில். லேபிள் மாறினால் என்ன ஆகும் என்று எனக்கு நெடுநாள் கவலை.

அப்படி ஒரு தோட்டத்துக்கு வெளியூர்ச் சொந்தக்காரர்களைக் கூட்டிக்கொண்டு போனேன். வெள்ளைக் கோட்டுப் போட்ட பொடியன் ஒருவன் ஜேர்மன் கூட்டமொன்றுக்கு ஜேர்மன் மொழியிலேயே வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தான். ஒரு பெரியவரின் கைமுடியில் களிம்பைத் தடவி, துடைத்து, வழுவழுவென்று ஆக்கிக் காட்டினான். கூட்டம் கைதட்டியது. பக்கத்தில் வேனில் வந்த சிங்களக் குடும்பத்துக்குச் சிங்களத்தில் அதையே சொன்னான். என்னைப் பார்த்ததும் ஒரு கணம் யோசித்துவிட்டுத் தமிழுக்கு மாறினான். எந்தத் தோட்டம் என்று கேட்டேன். சொன்னான். அவன் தாத்தாவை எனக்குத் தெரிந்திருந்தது. எங்கள் அத்தை ஏலக்காய்ப் பொட்டலம் ஒன்றைக் கையில் எடுத்து விலையைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கினார். பொடியன் ஜேர்மன்காரர்கள் பக்கம் ஒரு சிரிப்பைப் போட்டுவிட்டு, எங்களிடம் குரலைத் தாழ்த்தினான்.

"அத வச்சிருங்கம்மா. டவுன்ல திருகோணமல வீதியில வாங்குங்க, இதுல கால்வாசிதான் வரும். நானே வீட்டுக்கு அங்கதான் வாங்குறேன்."